பார்சலில் வந்த எண்ணம்

மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் பயணிகள் பஸ்ஸை விட்டு இறங்கி, அவரவர் எண்ணத்தை மேஜைமேல் வைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்களின் எண்ணம் லேசாக இருக்கும். மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களுடையது கசங்கியிருக்கும். எஸ்.ஐ. ஜெபராணி ஒவ்வொன்றையும் லத்தியால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கோழிக் காய்ச்சல் சமயம் என்பதால் பக்கத்தில் பஸ் சக்கரங்களுக்கு மருந்து அடித்தார்கள். பிடிபட்ட கோழிகளைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடினார்கள்.

ஜெபராணிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சிரித்துக்கொண்டே இறங்குகிறவனை இரண்டு தடவை பார்ப்பாள்.

பால்துரை சிரித்துக்கொண்டே இறங்கினான். மேஜைமேல் எதையும் வைக்கவில்லை.

"எண்ணம் எங்க?"

"இல்ல மேடம்."

"எண்ணம் இல்லாம எதுக்குப் போற?"

"சும்மா."

பையைக் கொட்டச் சொன்னாள். ஒரு சட்டை, சீப்பு, சாக்லேட், பூனைக்குட்டியின் கழுத்தில் கட்டுகிற சின்ன மணி. பூனைக்குட்டி இல்லை.

எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் ஒரு சிறுமி பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்குப் பாப்பா காத்திருக்க?" ஜெபராணி இங்கிருந்தே கத்தினாள்.

"போன்ல பேசுற மாமாக்கு. பூனைக்குட்டி தாரேன்னாங்க. அம்மாட்ட சொல்லக் கூடாதாம்."

ஜெபராணி கோட்டருகே ஓடினாள். ஆனால் கோட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் சீருடை இந்தப் பக்கமே நின்றுவிடும். ஒரு ஏட்டுக்கு அப்படி ஆகி, துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

மாஜிஸ்திரேட் கோமதிநாயகம் கோட்டின்மேலேயே நாற்காலி போட்டிருந்தார். நாற்காலிக்கு இந்த மாநிலத்தில் இரண்டு கால், அந்த மாநிலத்தில் இரண்டு கால்.

"அய்யா, இவனை உள்ள வைக்கணும்."

"கோட்டைத் தாண்டுறது குத்தமில்லம்மா. கெட்ட எண்ணத்தோட தாண்டணும். எண்ணம் எங்க?"

"இல்லங்கான்."

"அப்ப அவரு சுற்றுலாப் பயணி."

"அந்தப் புள்ள உக்காந்திருக்கே அய்யா!"

"அது புள்ளையோட எண்ணம். அவரோடதக் காட்டு."

பால்துரை தாண்டினான். பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தான். சிறுமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்கு வந்தோம் என்று அவனுக்கே தெரியாதது போன்ற முகம். சாலையை மட்டும் எட்டி எட்டிப் பார்த்தான்.

ஜெபராணிக்கு அது பிடிக்கவில்லை. சும்மா போகிறவன் அடுத்த பஸ்ஸை எதற்கு எதிர்பார்க்கிறான்?

அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் சீட்டுக்குக் கீழே சணல் கட்டிய ஒரு பார்சல். இந்தப் பக்கத்தில் எல்லாமே பஸ்ஸில்தான் போகும். மருந்து, மீன் குழம்பு, மறந்துவிட்டுப் போன சாவி. கண்டக்டர் கையில் கொடுத்தால் போதும், அந்த ஊரில் வாங்கிக்கொள்வார்கள். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. ஜெபராணியே தங்கைக்குக் குழம்பு அனுப்புகிறவள். இத்தனை வருஷத்தில் அவள் ஆட்களைத்தான் சந்தேகப்பட்டாள். ஒரு பார்சலைக்கூடத் தொட்டதில்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இது யாருது?"

"தெரியாது மேடம். பெஞ்சுல இருக்கவரு வாங்கிக்கிடுவாருன்னாவ."

தொட்டாள். சூடாக இருந்தது. உள்ளே ஏதோ மூச்சு விட்டது. பூனைக்குட்டியின் மூச்சு இல்லை.

மாஜிஸ்திரேட் முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்தினார். "கெட்டதுதான். ஆனா அவரு தனியாப் போனாரு, இது தனியா வருது. ஆளும் எண்ணமும் ஒண்ணாத் தாண்டணும்." பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இது உம்மதா வே?"

"என்னுது இல்லய்யா." பால்துரை மறுபடியும் சிரித்தான்.

ஜெபராணி பார்சலைக் கையில் எடுத்தாள். பிறகு குழிக்காரர்களிடம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, கேக்க ஆளில்லாத கோழிய என்ன செய்வீங்க?"

"குழிதான் மேடம்."

"அப்ப இதையும் போடுங்க."

பார்சல் கோழிகளின்மேல் விழுந்தது. பால்துரையின் சிரிப்பு நின்றது. முதல் கூடைச் சுண்ணாம்பு விழுந்ததும் எழுந்துவிட்டான்.

"அய்யோ, மெதுவா! எத்தன மாசமாச் சேத்து வச்சது!"

கோட்டைத் தாண்டி ஓடிவந்து குழியில் குதித்தான். பார்சலை நெஞ்சோடு அணைத்தான். சணல் அறுந்தது. பார்சல் காலியானது. அவன் முகம் நிறைந்தது. முதல்முறையாகத் திரும்பிச் சிறுமியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குழிக்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவன் பெஞ்சை நோக்கி ஓடினான்.

ஒரு கால் அந்தப் பக்கம் விழுந்தது. மாஜிஸ்திரேட் குனிந்து பார்த்தார்.

"இப்ப குத்தம்" என்றார்.

அதற்குள் ஜெபராணி அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அவள் கை கோட்டைத் தாண்டியதும் காக்கி முழங்கைவரை மறைந்தது. வெறுங்கையால் பிடித்தபடியே அவனை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பூனைக்குட்டி?" என்றாள் சிறுமி.

"கிடையாது பாப்பா. வீட்டுக்குப் போ. அம்மாட்ட எல்லாத்தையும் சொல்லு."

சிறுமி பையை மாட்டிக்கொண்டு போனாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை ஜெபராணி காலரை விடவில்லை.

அடுத்த பஸ் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மேஜைமேல் யாரும் எதையும் வைக்கவில்லை.

"சும்மா" என்றார் முதல் ஆள். "சும்மா" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அதன் பின்னாலேயே இன்னொரு பஸ் வந்து நின்றது. அதில் ஆளே இல்லை. சீட்டுக்கு ஒன்றாகச் சணல் கட்டிய பார்சல்கள் உட்கார்ந்திருந்தன.

"குழிய மூடிராதீங்க" என்றாள் ஜெபராணி.