குடியானவப் பெண் உட்கார்ந்த படம்

ஜெர்மனியில், ஹம் நகரின் சிறிய ஓவியக்கூடம் ஒன்றில், படத்துக்குள் இருநூறு வருடங்களாக நின்றுகொண்டிருந்த ருஷ்யக் குடியானவப் பெண் ஒருத்தி, போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு உட்கார்ந்துவிட்டாள். அன்று மழை; ரயில்கள் வழக்கம்போலப் பிந்தின.

அவளை வரையச் சொன்னவர் அவளுடைய பண்ணையார். அந்தக் காலத்து ருஷ்யாவில் நிலத்தோடு ஆட்களும் சொத்து. வயலில் கந்தல் கட்டியவளுக்குப் படத்துக்காக மட்டும் சிவப்புப் பட்டு உடுத்தி, கையில் அரிவாளையும் திணித்து, தன் ஆட்கள் எத்தனை சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்ட நிற்கவைத்தார். கேட்டால் வயிறு எரியும். கூடத்தைத் துடைத்துவந்த யாழ்ப்பாணத்துக் குருநகர் யோசப்பினுக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. ஒரு மனுசி கால்கடுக்க நிற்க, கண்டும் காணாததுபோல வேலை செய்யும் பழக்கம் அவளிடம் இல்லை, அவ்வளவுதான். “எவ்வளவு நேரம்தான் நிப்பீங்கள்? இருங்கோ அக்கா,” என்றாள். இருநூறு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் இருந்தாள்.

பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்பது சும்மாவா? கூடத்தின் இயக்குநர் அம்மா ஆச்சரியப்படவில்லை. படம் இரவல் வாங்கியது, நின்றபடிதான் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவள் எழும்பாவிட்டால் நிரந்தர வேலை ஒப்பந்தம் கிடையாது என்றார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் யோசப்பின் தன் மகள் ஜசிந்தாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட முடியாது. ஜசிந்தாவுக்குப் பதினாறு முடிய நான்கு மாதம். அதைத் தாண்டினால் விசா குதிரைக்கொம்பு.

“எழும்புங்கோ அக்கா, என்ர பிள்ளை அங்க தனிய நிக்குது,” என்று யோசப்பின் அழுதாள். அக்காவும் அழுதாள். அழுதுகொண்டே பாவாடையைத் தூக்கிப் பாதங்களைக் காட்டினாள். ஐயோ, அந்த வீக்கம்! இன்னொருமுறை எழும்பச் சொல்ல யோசப்பினுக்கு வாய் வரவில்லை. படச் சட்டத்துக்குள் ஏறி, அக்காவின் பட்டை வாங்கி உடுத்து, அரிவாளை எடுத்துக்கொண்டு நின்றாள். அக்கா யோசப்பினின் நீல வேலை மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

வந்தவர்கள் எல்லோரும் பட்டைப் பார்த்தார்கள். முகம் கறுத்திருப்பது பழைய வார்னிஷால் என்று நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். இயக்குநர் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்குக் கூடம் பூட்டியதும் இறங்கிக்கொள்ளலாம் என்றுதான் யோசப்பின் நினைத்திருந்தாள். பாவி மகள், அதற்குள் வண்ணம் காய்ந்துவிட்டது.

பிறந்தநாளுக்கு மூன்று கிழமை முன்பு ஜசிந்தா வந்து சேர்ந்தாள். விமான நிலையத்துக்கு அக்காதான் போனாள். பிறகு சோறு காய்ச்சப் பழகியதும் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை படத்தின் முன்னால் போய் நிற்பாள். “கால் நோகுதோ அம்மா?” என்று கேட்பாள். கிட்டப் போகாதே என்று காவலாளி சொல்லுவார்.

ஒக்டோபரில் கண்காட்சி முடிந்தது. படத்தைப் பெட்டியில் அடைத்து லொறியில் ஏற்றினார்கள். ஜசிந்தா தான் படித்த கொஞ்ச ஜெர்மனில், மெதுவாகக் கொண்டுபோங்கள், உள்ளே இருப்பது என் அம்மா என்றாள். ஓட்டுநர் சரி என்று தலையாட்டி, அதையும் படிவத்தில் எழுதி, அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு லொறியை எடுத்தார்.