ஒரு சிட்டிகை கனம்

சரவணம்பட்டியில் குழந்தைகளின் எடை தூக்குகிறவரைப் பொறுத்தது. குழந்தை யாரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவர் தூக்கினால் பஞ்சுப் பொதி. மற்றவர்கள் தூக்கினால் அவரவர் யோக்கியதைக்கு ஏற்ப அரிசி மூட்டை, அம்மிக்கல், சில சமயம் பீரோ. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கல்யாண மண்டபங்களில் அடுத்தவர் குழந்தையைக் கையில் வாங்குமுன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அதனால், வீட்டோடு போய்க் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தட்டு உடைந்தாலோ பால் பொங்கி அடுப்பு அணைந்தாலோ காப்பீட்டில் வராது. அதற்கு வீட்டுக்காரர்களின் முகச்சுளிப்போடு சரி. ஆயாவின் கைத்தவறால் ஒரு பிள்ளை பெற்றவளுக்கே கனத்துப்போனால் அந்த நஷ்டத்துக்கு ஆயா பொறுப்பு, ஆயாவுக்குக் கம்பெனி பொறுப்பு. நஷ்டஈட்டைக் காசாகக் கொடுக்கும் பழக்கம் கம்பெனிக்குக் கிடையாது. எது போனதோ அதையே திருப்பித் தருவார்கள். பீளமேட்டில் ஓர் ஆயா பிரஷர் குக்கர் வைத்துக் குழந்தையின் மத்தியானத் தூக்கத்தைக் கலைத்துவிட்டபோது, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரிடமிருந்து நல்ல கெட்டியான தூக்கமாக வாங்கி வந்து கொடுத்தார்கள்.

பச்சைநாயகி தினமும் கோவில்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். ஐம்பதை நெருங்கும் வயது. பல வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுடைய இடது இடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளி, நல்ல ஆசனமாக அமைந்துவிட்டிருந்தது. இடுப்பு காலியாக இருந்தால்தான் அவளுக்கு நடை சாயும். இப்போது அதில் உட்கார்ந்திருப்பவள் நறுமுகை, செல்லமாக முகி. பேச்சு இன்னும் வராத, அதிகாரம் மட்டும் வந்துவிட்ட வயது. முகியின் அம்மா பூர்ணிமா சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். அப்பாவுக்கு ஓசூரில் வேலை. அவருக்கு முகி ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையாகவும் சாயங்காலம் பஞ்சாகவும் இருப்பாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் மூட்டை. மனிதர் இதற்காகவே முதுகுக்குப் பெல்ட் வாங்கி வைத்திருந்தார்.

ஆயாக்களின் தொழிலில் கை மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பெற்றவள் வந்ததும் ஆயா பிள்ளையோடு எதிரே போய் நிற்க வேண்டும். பிள்ளையே பார்த்து, யோசித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவ வேண்டும். அதன் பிறகுதான் ஆயா பிடியை விடலாம். தூங்குகிற பிள்ளையை எக்காரணம் கொண்டும் கை மாற்றக் கூடாது. ஓர் இடுப்பில் தூங்கி இன்னோர் இடுப்பில் விழிக்கிற பிள்ளை, தன்னை யாரோ கழற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. முகி தூங்கிப்போயிருந்தாள். காதில் ஆபீஸ் மீட்டிங்கோடு வந்த பூர்ணிமா, வாயால் சொல்ல முடியாமல், கொடுங்கள் என்று கையைக் காட்டினாள். பச்சைநாயகிக்கும் பஸ் அவசரம். கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது பூர்ணிமா ஹாலில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். தோளில் கிடந்த முகி விழித்துப் பார்த்த மறு நிமிஷமே கனத்துவிட்டாளாம். பிள்ளையோடு அப்படியே தரையில் அமர்ந்தவள்தான். விடிந்ததும் வாட்ச்மேனும் கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முகியைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். நிரம்பிய சிலிண்டர் இரண்டைத் தூக்குவதே தேவலாம் என்று சொல்லிவிட்டு சிலிண்டர்காரர் படியிறங்கிப் போயிருந்தார்.

"தூங்கறப்ப வாங்கிட்டேன்ல பச்சைக்கா, அதான்" என்றாள் பூர்ணிமா.

"நீங்க வாங்கலீங்க அம்மிணி, நாந்தான் குடுத்துப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

முகி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். பச்சைநாயகி ஒரு கையால் எடுத்து இடுப்பில் வைத்தாள். பஞ்சாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்த பூர்ணிமா, பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு பிள்ளை லேசாக இருப்பதற்காகப் பச்சைநாயகி கூசிப்போனது அன்றைக்குத்தான்.

போன் போட்டதும் மத்தியானமே காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்துவிட்டார். துரைராசு என்று பெயர். எந்தக் குழந்தைக்கும் அவரைப் பிடிக்காது, பிடிக்காமலும் போகாது. அந்த உத்தியோகத்துக்கு அதுதான் தகுதி. அவர் தூக்கினால் பிள்ளைக்கு உள்ளபடி என்ன எடையோ அதே எடை. முகியை ஒருமுறை தூக்கி, பூர்ணிமா மடியில் வைத்து, அவள் கால் மரத்துப்போவதைப் பார்த்து, மறுபடி எடுத்துப் பச்சைநாயகியிடம் கொடுத்தார்.

"தூங்கற பிள்ளையைக் கை மாத்துனீங்களாக்கா?"

"மாத்திப்போட்டனுங்க சார்."

"மழைங்களா?"

"மழைதானுங்க."

அவர் தலையாட்டினார். மழை நாளில் அவருக்கு வேலை அதிகம். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"கனம் எங்கயும் காணாமப் போயிராதுங்க. யாராச்சும் தூக்கித்தான் ஆகணும். இதுக்கு ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு நேர் மாத்து. அக்காகிட்ட இருக்கிற லேசை எடுத்து உங்களுக்குக் குடுத்துருவோம். இன்னைக்குச் சாயங்காலமே முடிஞ்சிரும். அப்புறம் அக்காவால பாப்பாவை அசைக்க முடியாது. வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான். இன்னொண்ணு பங்கு. பாலிசி எடுத்திருக்கிற அத்தனை ஆயாங்ககிட்டயும் சொல்லுவோம். ஆளுக்கு ஒரு சிட்டிகை கனத்தை அவங்கவங்க பாத்துக்கற பிள்ளை மேல ஏத்திக்குவாங்க. ஒவ்வொருத்தரா சரின்னு சொல்லி வரணும், நாளாகும். அதுவரைக்கும் அம்மிணி பொறுத்துக்கணும். முக்காவாசிப் பேரு பொறுத்துக்கறதில்லீங்க. நேர் மாத்துதான் கேக்கறாங்க."

பச்சைநாயகி யோசிக்கவே இல்லை. "நேர் மாத்தே பண்ணிப்போடுங்க சார். பெத்தவ தூக்க முடியாம நான் தூக்கி என்னத்துக்கு ஆச்சுங்க?"

அவள் இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கும் ஒரு மகள் உண்டு, கோகிலவாணி. காந்திபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கோகிலா தவழ்கிற வயதில்தான் பச்சைநாயகி அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளைத் தூக்கக் கிளம்பினாள். சீக்கிரமே மகள் கனத்துவிட்டாள். அப்போது இந்தக் காப்பீடெல்லாம் ஏது. சண்டை ஒன்றும் கிடையாது; தாயும் மகளும் ஒரே தட்டில் பேசிச் சிரித்துச் சாப்பிடுவார்கள். தூக்க மட்டும் முடிந்ததே இல்லை. அது எப்படி இருக்கும் என்று பச்சைநாயகிக்குத் தெரியும். அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

பூர்ணிமா தரையில் உட்கார்ந்தபடியே பேசினாள். "நேர் மாத்து வேண்டாம் சார்."

"அம்மிணி, என்ன பேச்சு இது?"

"இருங்க பச்சைக்கா. என் பொண்ணு சிரிக்கக் கத்துக்கிட்டதே உங்க இடுப்புல இருந்துதான். நான் நிம்மதியா ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறேன்னா அது உங்களாலதான். அதைப் புடுங்கி எனக்குக் குடுக்கச் சொல்றீங்களா? நான் பொறுத்துக்கறேன் சார். பங்கே போடுங்க."

துரைராசு வியப்பெல்லாம் படவில்லை. அவருக்கு அந்த வசதி கிடையாது. பங்கு என்று குறித்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த நாட்களில் பூர்ணிமாவின் குடித்தனம் தரையிலேயே நடந்தது. சாயங்காலமானால் கோரைப்பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். தூக்கத்தான் முடியாது, கூடக் கிடக்கலாமே. முகி தவழ்ந்து வந்து அம்மாவின் மேல் ஏறுவாள். ரோடு ரோலர் ஏறினது மாதிரி பூர்ணிமாவுக்கு மூச்சு முட்டும். பச்சைநாயகி பதறிக்கொண்டு எடுக்கப் போனால், "ஏறட்டும் விடுங்க" என்பாள் பல்லைக் கடித்தபடி. பச்சைநாயகி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து அவள் நினைத்துக்கொண்டது ஒன்றுதான். இதற்கு முன் சில தடவை அவளுக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு தாய்க்குப் பிள்ளை கனத்துவிட்டது, ஒரு சிட்டிகை ஏற்றிக்கொள்கிறீர்களா என்பார்கள். ஏத்திக்கறனுங்க என்று சொல்லிவிட்டுச் சோறூட்டப் போய்விடுவாள். அன்று இடுப்பிலிருக்கும் பிள்ளை ஒரு தக்காளி அளவுக்குக் கூடினதாகத் தெரியும், மறந்துபோகும். யார் வீட்டுக்காக என்று கேட்டதே இல்லை. இப்போது சிங்காநல்லூரிலும் வடவள்ளியிலும் முகம் தெரியாத பெண்கள் அதே மாதிரி அவளுக்காகச் சரி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் வயிறு நிறையச் சோறு போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

ஆயாக்கள் எல்லோரும் சரி சொல்லி, கனம் பங்கு போட்ட அன்று சாயங்காலம் பூர்ணிமா வந்தாள். போனை அணைத்துச் செருப்போடு வாசலிலேயே விட்டாள். கை கால் கழுவிவிட்டு எதிரே வந்து நின்றாள். பச்சைநாயகி இடுப்பில் முகி நன்றாக விழித்திருந்தாள். கீழே தெருவில் கோவில்பாளையம் பஸ் வந்து, ஹாரன் அடித்து, போய்விட்டது. பச்சைநாயகி அசையவில்லை. முகி அம்மாவைப் பார்த்தாள். பச்சைநாயகியைப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் சப்பி யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டித் தாவினாள்.

முழங்காலை மடக்கித் தயாராக நின்ற பூர்ணிமா, கனமே இல்லாததால் நிலைதடுமாறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள்.

"பச்சைக்கா... லேசா இருக்கா."

"லேசாத்தானுங்க இருப்பா. உங்க பிள்ளைதானுங்களே" என்று சொன்ன பச்சைநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பூர்ணிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதே நேரத்தில் வடவள்ளியில் ஓர் ஆயா, இடது இடுப்பிலிருந்த பிள்ளையை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாள் துரைராசு மறுபடி வந்தார்.

"ஒரு சின்ன விஷயம்க்கா. ஒரு சிட்டிகைதான் கேட்டோம். ஒவ்வொருத்தரும் மேல ஒரு கிள்ளு சேத்து ஏத்திக்கிட்டாங்க. கீரைக்காரம்மா கொசுறு போடற மாதிரி. அந்தக் கனத்துக்குண்டான லேசு மிச்சமாயிருச்சு. கம்பெனி அதை வெச்சுக்க ரூல் இல்லீங்க. பாலிசி யாருதோ அவங்களுக்குத்தான். எதுல வாங்கிக்கறீங்க?"

பச்சைநாயகி மத்தியானச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக் கொடுத்தாள். அவர் அந்த லேசைக் கவனமாக ஊற்றி மூடித் தந்தார். பஸ்ஸில் அது மேலே மேலே எழும்பியதால் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கோகிலவாணி வேலை முடிந்து வந்திருந்தாள். நாளெல்லாம் கடையில் நின்றே இருந்ததில் கால் வீங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பச்சைநாயகி தூக்குப்போசியைத் திறந்து மகளின் கால்மாட்டில் வைத்தாள். பிறகு எதிரே போய் நின்றாள். முறைப்படி காத்திருந்தாள்.

கோகிலா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

பச்சைநாயகி மகளைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அரிசி களைந்தாள்.

"எறக்கி விடும்மா, நான் காய் நறுக்கறேன்."

"நறுக்கிக்கலாம், இரு கண்ணு."

உறை மோர் வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரி, மோரை வாங்கிக்கொண்டு, நாளைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள். உலை கொதிப்பதற்குள் கோகிலா அம்மாவின் தோளில் முகவாயை வைத்துத் தூங்கிவிட்டாள்.

தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றக் கூடாது; கட்டிலுக்கும் மாற்றக் கூடாது. காலையிலும் அவள் எழுந்திருக்கவில்லை என்பதால், பச்சைநாயகி மகளை இடுப்பில் வைத்தபடியே சரவணம்பட்டி பஸ் ஏறினாள். கண்டக்டர் ஒரு டிக்கெட் மட்டும் கொடுத்தார். இடுப்புப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. முகிக்கு வலது இடுப்பு இருந்தது.