பின்னால் போகாத அம்மன்

ராணுவத்தில் பதினேழு வருஷம் ஜீப் ஓட்டினேன். எதிரி கவிழ்த்த ஜீப் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஓட்டியவனே கவிழ்த்தது பதினொன்று பார்த்திருக்கிறேன். இதைத் தாமோதரனிடம் சொன்னபோது, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவரைச் சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர் தும்மினால் கூடவே தும்முகிற கூட்டம் அது.

தாமோதரன் எங்கள் குப்பத்தின் கோயில் தலைவர். காசிமேட்டில் அவருக்கு இரண்டு விசைப்படகு ஓடுகிறது. திருவொற்றியூருக்கு வடக்கே, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் கரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிற குப்பம் எங்களுடையது. அங்கே கார் வாங்க வசதியுள்ள ஒரே மனிதர் கார் வாங்கவில்லை. ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். புதுசாகப் பச்சைப் பெயின்ட், பானெட்டில் ஒரு வெள்ளை நட்சத்திரம். அதோடு விட்டாரா? வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டுமென்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி ஒரு சாண் உயர்த்தினார்.

"சண்டைல ஓட்ன வண்டி, மிலிட்ரி. குண்டு போட்டாலும் கவுராது" என்றார்.

குப்பத்தில் எனக்கு மிலிட்ரி என்றுதான் பேர். பக்தவச்சலம் என்ற பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

அந்த ஜீப்பின் லட்சணம் எனக்குத் தெரியும். குட்டை வண்டி, ஒடுக்கமான வண்டி. இடது டயருக்கும் வலது டயருக்கும் நடுவே நாலடிதான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக்கை மிதிப்பவன் முட்டாள். ஸ்டீயரிங்கைச் சட்டென்று வெட்டுபவன் அவனைவிடப் பெரிய முட்டாள். பாரத்தைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும். மேட்டில் நேராக ஏறலாம், நேராக இறங்கலாம், குறுக்கே மட்டும் திரும்பவே கூடாது. ஏற முடியாவிட்டால் வந்த தடத்திலேயே ரிவர்ஸில் இறங்கிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். சோறு ஆறுகிற வரைக்கும் இதையே வீட்டில் பேசுகிறேன் என்று என் மனைவி குப்பம்மா சலித்துக்கொள்வாள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை என்றால் வேறு யாரிடம்தான் பேசுவது?

இரண்டாயிரத்து நாலாம் வருஷ மாசி மகத்துக்கு அம்மனை ஜீப்பில் கடலுக்குக் கொண்டுபோவதாகத் தாமோதரன் முடிவு செய்தார். அதுவரை எங்கள் அம்மன் ஆட்களின் தோளில் போய்த் தீர்த்தமாடி, தோளில்தான் திரும்பினாள். ஒருமுறைகூட விழுந்ததில்லை. பக்கத்துக் குப்பத்துச் சாமி டிராக்டரில் வருகிறதாம், அது இவருக்குப் பொறுக்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் பீடம் வைத்து, பீடத்தின்மேல் அம்மனை நிறுத்தி, அவள் தலைக்குமேல் சீரியல் பல்பு போட்ட பெரிய வளைவையும் கட்டினார்கள். தரையிலிருந்து பத்தடி இருந்தது. நாலடி அகலத்தின்மேல் பத்தடி உயரம் நிற்குமா என்று கணக்குத் தெரிந்த ஒருவன்கூட அங்கே இல்லை.

மணலிலும் மேட்டிலும் மெதுவாக இழுக்கிற வண்டியின் குட்டி கியரைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் என்னைத் தேடி வந்தார்கள். மூன்று நிபந்தனை போட்டேன். ஜெனரேட்டர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் தனியாக வர வேண்டும். ஜீப்பில் யாரும் நின்றுகொண்டு வரக் கூடாது. கடற்கரையில் நான் சொல்கிறபடிதான் வண்டி நகர வேண்டும். தாமோதரன் மூன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்ட மூளை தேவையில்லை.

மகத்தன்று காலையில் ஜெனரேட்டர் ஜீப்பின் பின்னால்தான் இருந்தது. பக்கத்துக்கு இரண்டு பேர் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பின்கதவை மடக்கிவிட்டு அதன்மேல், அம்மனின் சட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி தீபன் நின்றான். தீபன் குப்பம்மாவின் தம்பி. இருபத்தாறு வயது. தாமோதரன் படகில் வலை இழுக்கிறான். தாய் தகப்பன் இல்லாத அவனை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் குப்பம்மா. அம்மன் ஆடாமல் பிடித்துக்கொள்கிற வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள், அவனுக்கோ பூமியில் கால் பாவவில்லை.

"நீ ஓட்றங்காட்டிதான் அவன ஏற வுட்றேன்" என்று குப்பம்மா என்னிடம் சொன்னாள். "பாத்து இட்டுகினு வா."

தொற்றியவர்களைக் கீழே இறக்கினேன். முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். ஜெனரேட்டரை இறக்க ஒருவனும் கைகொடுக்கவில்லை. அம்மனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றதால் தீபனை மட்டும் விட்டேன். நடக்கிற வேகத்தில் போனேன். வழியெல்லாம் கிண்டல்தான். "மிலிட்ரி, மாட்டு வண்டி முந்திகினு போது பார்" என்று ஒருவன் கத்தினான். அவன் இதுவரை ஓட்டியது வாடகை சைக்கிள்.

கருங்கல் கரையைத் தாண்டிக் கடலுக்குப் போக ஒரே ஒரு சரிவு உண்டு. கல் கொட்ட வந்த லாரிகளுக்காக மண்ணும் கட்டட இடிபாடும் போட்டு அமைத்தது. அதில் நேராக இறங்கினேன். கீழே அலைக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மணலில் ஒரு ஜீப் முழுசாகத் திரும்ப இடமில்லை. தீர்த்தவாரி நன்றாக நடந்தது. பம்பை அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், அம்மன் நனைந்தாள். அவளை மறுபடி ஜீப்பில் ஏற்றிக் கட்டினார்கள். பட்டும் பூமாலையும் தண்ணீரைக் குடித்து இன்னும் கனத்துப்போயின.

நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன். தாமோதரன் முன்னால் வந்து கையை விரித்தார்.

"இன்னா பண்ற?"

"ரிவர்ஸ்ல ஏத்தப் போறேண்ணே. நேரா ஏறிடும்."

"அம்மன் பின்னால போவாது."

"திரும்ப எடம் இல்லண்ணே."

"பாதி மேட்ல கொஞ்சம் அகலமா கீது பார். அங்க திருப்பு."

"சரிவுல குறுக்க திருப்புனா கவுந்துரும்."

"அம்மன் மேல கீறா. எப்டி கவுரும்?"

தோளில் சுமந்தபோது ஆட்கள் எத்தனையோ முறை பின்னால் கால் வைத்து நகர்ந்திருக்கிறார்கள், யாரும் சாமிக்குற்றம் சொன்னதில்லை. தாமோதரனின் ஜீப்பில் ஏறியதும் அம்மனுக்குப் புதுச் சாஸ்திரம் வந்துவிட்டது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தன் வண்டி பின்புறமாக ஏறுவதை அவர்கள் பார்க்கக் கூடாது, அதுதான் அவர் பிரச்சினை. அம்மன் ஒரு சாக்கு.

"மிலிட்ரி பயந்துகினான்பா" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. தீபனும் சிரித்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வண்டியை அணைத்து இறங்கினேன். சாவியைத் தாமோதரன் கையில் வைத்தேன். "நீயே ஓட்டுண்ணே" என்றேன்.

தீபனிடம் போனேன். "கீய எறங்கு."

"அம்மன வுட்டுட்டு எப்டி மாமு எறங்கறது? நீ வேணா போ."

"சரி, இரு" என்றேன்.

சொல்லிவிட்டுப் பாறைகள்மேல் ஏறிப்போய் உச்சியில் நின்றுகொண்டேன். சரிவு முழுவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டேன். என் மனசில் அப்போது இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கவிழட்டும் என்று இருந்தது. இந்தக் கூட்டம் ஒருமுறை வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

தாமோதரன் குட்டி கியரைப் போடாமலே உறுமவிட்டு, கடலோரமாக முன்னே போய், அங்கிருந்து மூக்கைத் திருப்பிச் சரிவில் கோணலாக ஏறினார். பாதி மேட்டில் அகலமான இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரே வெட்டாக வெட்டினார். வண்டி சரிவுக்குக் குறுக்கே நின்றது. மேல்பக்கத்து டயர்கள் இரண்டும் மண்ணை விட்டு எழுந்தன, ரொம்ப மெதுவாகத்தான் எழுந்தன. தீபன் குதிக்க நேரம் இருந்தது. எனக்குக் கத்தவும் நேரம் இருந்தது. அவன் சட்டத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான். நான் கட்டின கையை அவிழ்ப்பதற்குள் ஜீப் கடல்பக்கமாகச் சாய்ந்து, ஒருமுறை புரண்டு கல்லில் இடித்து நின்றது.

தாமோதரனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அம்மன் மணலில் மல்லாந்திருந்தாள், மூக்குகூட உடையவில்லை. அதைப் பார்த்துப் பெண்கள் கும்பிட்டார்கள். இரும்புச் சட்டத்துக்கடியில் தீபனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அவனை எடுக்க வண்டியைத் தூக்கியவர்களில் நான்தான் கடைசியாக வந்து கைவைத்தேன், பாறையிலிருந்து இறங்க அவ்வளவு நேரம் ஆனது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தீபனின் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். "அம்மன் காப்பாத்திட்டா, இல்லன்னா உசுரே போயிருக்கும்" என்று தாமோதரன் வார்டில் வந்து சொன்னார். ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவர் போன பிறகு குப்பம்மாவிடம் ஆரம்பித்தேன். நாலடி அகலம், பத்தடி உயரம், குறுக்கே திருப்பினால் என்ன ஆகும், எல்லாம் நான் முன்பே சொன்னேனே என்றேன்.

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"கவுரும்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அவன எறங்கச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தினி வாட்டி?"

நான் வார்டுக் கதவைப் பார்த்தேன். பொய் சொல்லத் தோன்றியது.

"ஒரு வாட்டி" என்றேன்.

"வூட்ல எங்கிட்ட நூறு வாட்டி சொல்லிகீற" என்றாள் குப்பம்மா. பிறகு எழுந்து தம்பியிடம் போய்விட்டாள்.