கூமுட்டை மாத்திரை

மற்ற வீடுகளில் மருமகள் டாக்டர் பட்டம் வாங்கினால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். இந்த வீட்டில் மாமியார் வாசலில் ஒரு வாளி வைத்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் மருமகள் மேலங்கியைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. மருமகள் காலையிலிருந்து மாலைவரை மாரடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்கிற வாயுவோடு. அழுகின முட்டையை உடைத்தால் குப்பென்று அடிக்குமே, சாட்சாத் அதேதான். அடுக்குமாடியில் அவளுக்குக் கூமுட்டை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். படித்தவளைக் கூமுட்டை என்று கூப்பிட இப்படியொரு சாக்கு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

வாடை அப்படி இருந்தாலும் காரியம் உசத்தி. நம் குடலே அந்த வாயுவை இத்தனூண்டு தயாரிக்கிறது. புண்ணை ஆற்று, வீக்கத்தை அடக்கு என்று செல்களுக்கு அதன் மூலம் சேதி அனுப்புகிறது. அளவு மிஞ்சினால் விஷம், அளவோடு இருந்தால் மருந்து. அதைக் குடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் மாத்திரை ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அவள் இளமையைத் தின்றது. எலிகளுக்குப் பிரமாதமாகக் கேட்டது. எலிகளுக்கு என்னதான் கேட்காது!

அந்த ஆசைக்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. கணவனின் தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையன், பிறகு தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். அவனுக்குப் பெருங்குடலில் புண். வயிறு எப்போது பிடுங்கும் என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் வண்டி நிறையப் பயணிகளை நடுரோட்டில் விட்டுவிட்டுப் புதருக்குள் ஓடினான். அதற்கப்புறம் அவனைப் பணிமனையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தவனுக்கு மேசை ஆயுள் தண்டனை. பாதிச் சாப்பாட்டில் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடும்போதெல்லாம் அவளுக்கும் சோறு இறங்காது.

மனிதர்களிடம் நடத்திய முதல் சோதனை சந்தி சிரித்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உள்ளே ஒன்றுமில்லாத டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது. விதி அப்படி. ஆனால் மருந்து நாறியது, டம்மி நாறவில்லை. அத்தனை மேதாவிகள் இருந்தும் இது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையிலேயே நோயாளிகள் பாட்டிலைத் திறந்து மாற்றி மாற்றி மோந்து பார்த்தார்கள். வாடை வராதவர்கள், சாக்பீஸைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்களா என்று சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

டம்மியையும் நாறவைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. குடலில் ஒரு வேலையும் செய்யாத, மூக்கை மட்டும் பதம் பார்க்கிற ஒரு கந்தகச் சரக்கைத் தேடிப் பிடித்து மூடியின் உட்புறத்தில் தடவினாள். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களின் கண்ணைக் கட்டி மோந்து பார்க்கச் சொன்னாள். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் டம்மிதான் ஒரு படி தூக்கல். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது சோதனையில் கொழுந்தனும் சேர்ந்தான். ஆஸ்பத்திரிதான் சேர்த்தது; அவனுக்கு எந்தப் பாட்டில் என்று அவளுக்கும் தெரியாது. மூடியைத் திறந்ததுமே மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த நாற்றம் நாறுகிறதென்றால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொழுந்தனும் அப்படியே நம்பினான். சில வாரங்களில் ரத்தம் போவது நின்றது. தட்டை வழித்துச் சாப்பிட்டான். மருத்துவச் சான்றிதழ் வந்தது, வண்டியும் திரும்பக் கிடைத்தது. வாசலில் இருந்த வாளி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மாமியார் மாடி மாடியாகப் போய் மருமகள் புராணம் பாடினார்.

அப்புறம்தான் சோதனைக் கணக்கோடு புள்ளியியல்காரர் வந்தார். சிரிக்கவும் தெரியாத, அழவும் தெரியாத மனிதர். மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குக் குணம், டம்மி சாப்பிட்டவர்களிலும் பாதிப் பேருக்குக் குணம், ஆகவே மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார். இவ்வளவு வேலை செய்கிற டம்மியைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை, யார் செய்தது என்று பாராட்டுகிற குரலில் விசாரித்தார். கொழுந்தன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

டம்மி.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லிவிடுவார்கள். யாரோ ஒருவர் கடனே என்று சொல்லி, அதை அவன் வண்டியும் கையுமாக இருக்கும்போது கேட்டு, பழையபடி வயிறு பிடுங்க ஆரம்பித்தால்? மறைக்கவும் முடியாது, சொன்னால் அவன் பிழைப்பு என்னவாகுமோ தெரியாது. தன் வாயால் சொல்வதுதான் நியாயம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

அவன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டான். அவன் பாட்டிலில் இருந்தது டம்மி என்று அவள் சொன்னாள்.

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கை தானாக வயிற்றுக்குப் போனது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் அவள் எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை.

"நிஜ மருந்து சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"பாதிப் பேருக்கு உனக்கு ஆனதுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"அந்த டம்மிய யாரு செஞ்சது?"

"நான்தான்."

"அப்ப அதையே செஞ்சு குடுங்க அண்ணி."

"அதுல ஒண்ணுமே இல்ல தம்பி. வெறும் நாத்தம். அதுவும் இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே கேக்குமான்னு எனக்குத் தெரியாது."

"போன தடவ மட்டும் கேக்கும்னு தெரிஞ்சா செஞ்சீங்க?"

அவன் ஏறி உட்கார்ந்து இன்ஜினை உசுப்பினான். இத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒன்றை ஒருவர் வேண்டும் என்று கேட்பது இதுதான் முதல் தடவை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜன்னலருகே போய், ரெண்டு மாசத்துக்குப் போதுமா என்று கேட்டாள்.

"போதும். ஆனா நாத்தம் மட்டும் கொறையக் கூடாது அண்ணி."