முப்பத்துநான்கு கழித்து

தராசுக்காரருக்கு எதைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: இது சரியாகக் காட்டுகிறதா? சுவர்க் கடிகாரத்தை ரேடியோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மருந்துக்கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஏறுவார், இறங்குவார், அதை அரை அடி நகர்த்தி வைத்து மறுபடி ஏறுவார். பின்னால் நிற்பவர்களின் பொறுமை போய்விடும். கல்யாணமான புதிதில் மனைவியின் தையல் டேப்பைத் தன்னுடைய எஃகு அளவுகோலோடு வைத்துப் பார்த்து, "மீட்டருக்கு நாலு மில்லி நீண்டிருக்கு" என்று கண்டுபிடித்துச் சொன்ன வகையில், இரண்டு நாள் அவளிடம் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்தவர்.

கடைகளின் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் அவர் மேசை, மறுபக்கம் மனைவியின் தையல் மெஷின். பள்ளிச் சீருடைகள் தைத்துத் தைத்து அவள் பக்கம் துணி மலையாகக் கிடக்கும். அவர் பக்கம் திருகாணிகளும் தட்டுகளும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மின்விசிறி, அதை யார் பக்கம் திருப்புவது என்று தினமும் ஒரு சண்டை.

அப்பேர்ப்பட்ட மனிதர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் கிடைத்தால் என்ன ஆகும்? ஆனால் அது விளையாட்டாக வந்து சேரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அவருடைய அண்ணன் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. உயிர் தப்பியது, வலது கை அன்றோடு சரி. பல வருடமாகவே அழுத்தம் எகிறியிருக்கும் என்றார்கள் மருத்துவமனையில். ஒரு தலைவலி, ஒரு மயக்கம், ஒன்றுமே இருந்ததில்லை. அதுதான் தராசுக்காரரை உலுக்கிவிட்டது. நகைக்கடைத் தராசின் திருகாணியைக் கால் சுற்று, அதிலும் கால் சுற்று என்று திருப்பிப் பிழைக்கிற மனிதருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்?

கடைத்தெருவில் நடந்த மருத்துவ முகாமில் கையை நீட்டினார். அதிகம் என்றார்கள். "ஒரு தடவை பாத்து முடிவு பண்ண முடியாதுங்க. வீட்டுல ரெண்டு வாரம், காலையும் சாயந்தரமும் பாத்து எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் மாத்திரை வேணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லுவார்" என்று ஓர் அட்டையைக் கொடுத்து, சுகாதார நிலையத்து சிஸ்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்கே மெஷினை வாங்கிவிட்டார்.

அட்டையில் விதிமுறைகள் இருந்தன. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் டீ, காபி கூடாது. வேறு யாராக இருந்தாலும் சொன்னபடி செய்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு விதியையும் மீறிப் பார்த்தார், மீறினால் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமே!

கையைத் தொங்கப் போட்டுப் பார்த்தார், எண் ஏறியது. பேசிக்கொண்டே பார்த்தார், ஏறியது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார், அதற்கும் ஏறியது. "ஏம்மா, இங்க வாயேன், கால் மேல கால் போட்டா இந்த மெஷினுக்குத் தெரியுது!" என்று குழந்தை மாதிரி கூவினார்.

"மெஷினுக்குத் தெரியல, உங்க ஒடம்புக்குத் தெரியுது. தள்ளுங்க, காத்து வரல" என்றாள் மனைவி. அவர் கையில் சுற்றியிருந்த பட்டையைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பட்டை உங்களுக்குப் பத்தவே இல்ல. சின்னப் பையன் சட்டையைப் பெரியவருக்கு மாட்டின மாதிரி பிதுங்குது" என்றாள்.

"ஒட்டுதுல்ல? ஒட்டினா போதும்" என்றார் அவர். தையல்காரிக்கு எதைப் பார்த்தாலும் அளவுதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

விளையாட்டு மூன்று நாளில் முடிந்தது. அட்டையில் சொன்னபடியே அசையாமல் உட்கார்ந்து பார்த்தாலும் மேல் எண் நூற்று ஐம்பது, நூற்று ஐம்பத்தொன்று. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். மனைவிக்கு எதற்கும் கூடுதலாக ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளாமல் இறங்காது. அவள் தன் தட்டுக்கு மட்டும் தூவிக்கொண்டாள், இவர் சப்பென்று விழுங்கினார். திருகாணியைத் திருப்பும்போதெல்லாம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது நடுங்குகிறதா, இல்லை நான்தான் நடுங்குகிறேனா?

நான்காம் நாள் காலையில்தான் தொழில் புத்தி வேலை செய்தது. மெஷின் சரியாகக் காட்டுகிறது என்று யார் சொன்னது?

ஒரு தராசு சரியா என்று பார்ப்பது எப்படி? எடை தெரிந்த ஒன்றை அதன் மேல் வைக்க வேண்டும். அதற்காக அவரிடம் ஒரு பெட்டி உண்டு. உள்ளே நீல வெல்வெட்டுக் குழிகளில் ஐந்து பித்தளை எடைகள், அரசாங்க முத்திரை போட்டவை. வெறும் கையால் தொட மாட்டார், தொடவும் விட மாட்டார். சரி, ரத்த அழுத்தத்துக்கு அப்படி ஓர் எடைக்கு எங்கே போவது? நோய் நொடி இல்லாத ஓர் ஆள் வேண்டும்.

தலையை நிமிர்த்தினார். முப்பது சீருடைகள் கொண்ட மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முனகியபடி மனைவி படியேறி வந்துகொண்டிருந்தாள். வீடே இருமிக் கிடந்தபோதும் அடுப்படியில் நின்றவள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்து அவர் பார்த்ததில்லை. இவளைவிட நல்ல எடை உலகத்தில் இருக்கிறதா?

உட்கார வைத்து, பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கினார். மேல் எண் நூற்று ஐம்பத்துநான்கு.

தராசுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இவளுக்கே நூற்று ஐம்பத்துநான்கு என்றால் மெஷின் அண்டப்புளுகன் அல்லவா! இவளுக்கு நியாயமாக நூற்று இருபது இருக்க வேண்டும். ஆக, மெஷின் முப்பத்துநான்கு கூட்டிக் காட்டுகிறது. தன் நூற்று ஐம்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்கைக் கழித்தார். நூற்றுப் பதினேழு. பிழைத்தோம்!

ஒருநாள் பார்த்து முடிவு கட்டுகிற ஆள் இல்லை அவர். இருவருக்கும் பதினான்கு நாள் காலையும் மாலையும் அளப்பது என்று முதலிலிருந்து கணக்கைத் தொடங்கினார். மனைவிக்கு நூற்று ஐம்பத்துமூன்று வந்தது, ஐம்பத்தைந்து வந்தது, மறுபடி ஐம்பத்துநான்கு. மாறாமல் ஒரே மாதிரி தப்புக் காட்டும் தராசைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கழித்துக்கொண்டால் போதும். அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் கையை நீட்டினாள். "எனக்கு எதுக்குங்க? தைக்கிற வேலை கெடக்கு."

"நீ சும்மா உக்காரு. நீ இருந்தாத்தான் எனக்குக் கணக்கு சரியாகும்" என்றார். தட்டுக்கு உப்பு திரும்பி வந்தது, இருவருமே தூவிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள், மெஷினையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். சிஸ்டரின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கதவின் பின்னால் தொங்கும் குடை. சிஸ்டருக்கு முப்பது வயதிருக்கும். நோட்டைப் பிரித்ததும் கண்கள் விரிந்தன. சிவப்பு மையில் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், மெஷின் காட்டியது, சோதனை எடை, வித்தியாசம், திருத்தியது.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிட்டு வந்ததில்லண்ணே" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. "இதென்ன, சோதனை எடை?"

"அது என் வீட்டுக்காரி" என்று ஆரம்பித்து, வெல்வெட்டுப் பெட்டி, முத்திரை, முப்பத்துநான்கு என்று எல்லாவற்றையும் விளக்கினார். சிஸ்டர் சிரிக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகு கேட்டாள்: "அந்தப் பித்தளை எடையெல்லாம் சரியா இருக்குன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! வருஷா வருஷம் ஆபீஸுக்குக் கொண்டு போய்ச் சோதிச்சு, முத்திரை வாங்கிட்டு வருவேன். பித்தளையா இருந்தாலும் தேயும், அழுக்கு ஏறும். பாத்தா தெரியவே தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வருஷம் தவறினது இல்ல."

"அக்காவுக்குக் கடைசியா எப்ப பாத்தாங்க?"

"அவளுக்கு என்ன, அவ நல்லா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். யோசித்தார். "எங்க சின்னவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பாத்திருப்பாங்க. அவளுக்கு இப்ப பத்தொம்பது."

சிஸ்டர் தன் கையை மேசை மேல் நீட்டினாள். "உங்க மெஷினை எனக்குப் போடுங்க."

போட்டார். நூற்றுப் பதினான்கு. நிலையத்து மெஷினில் நூற்றுப் பன்னிரண்டு. சிஸ்டர் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். இரண்டிலும் நூற்றுப் பன்னிரண்டு. முப்பத்துநான்கு எங்கே போனது என்று அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை. அது யார் உடம்பில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப உங்களுக்கு ஏன் இவ்வளவு ஏறுது, அதையும் பாத்துருவோம்" என்று அவருடைய மேல்கையைச் சுற்றி டேப்பை வைத்தாள். "முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். உங்க பட்டையோட ஓரத்துல என்ன போட்டிருக்கு, படிங்க."

பொடி எழுத்தில் இருந்தது: இருபத்திரண்டிலிருந்து முப்பத்திரண்டு வரை. ஒவ்வொரு தராசிலும் அது எவ்வளவு தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் மூட்டையைத் தூக்கி வைக்கிற கடைக்காரர்களைப் பார்த்தால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்! மனைவி முதல் நாளே சொன்னாள், பத்தவில்லை என்று.

பெரிய பட்டையைச் சுற்றி அளந்தால் நூற்று முப்பத்திரண்டு. "சின்னப் பட்டையைப் பெரிய கையில இறுக்கினா கூடுதலாத்தான் காட்டும். உங்களது எல்லைக்குப் பக்கத்துல நிக்குது. இந்தப் பட்டையைக் கொண்டு போய் இன்னும் ஒரு வாரம் எழுதுங்க. உப்பைக் குறைங்க, தினம் அரை மணி நேரம் நடங்க. அப்புறம் டாக்டர்..." சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எழுந்துவிட்டார்.

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு வரைக்கும். அண்ணே, பயப்படாதீங்க. ரெண்டு வாரக் கணக்கு கையிலயே இருக்கு. வேற யாருக்கும் இப்படி இருக்காது. அக்காவை மட்டும் கூட்டிட்டு வாங்க, அந்த நோட்டையும்."

அரை மணி நேர நடையைக் கால் மணியில் நடந்தார். மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சொன்னாங்க?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"மெஷின் சரிதானாம்."

தையல் மெஷின் நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப உங்களுக்கு நூத்தம்பதா? கையில ஏதாவது... விரலை மடக்குங்க பாப்போம்." எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நீ சொன்னதுதான், பட்டை பத்தல."

"அப்பாடா!" என்று கையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, மறுபடி தைக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. அவருக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. நோட்டைப் பிரித்து, காலரின் மேலேயே வைத்தார்.

"துணியில மை ஒட்டப் போகுதுங்க!"

"ஒட்டட்டும். இதைப் படி. இது உன் எண். இருபத்தெட்டு தடவை அந்த மெஷின் சொல்லியிருக்கு. இருபத்தெட்டு தடவையும் நான்தான் பொய்யுன்னு எழுதி வச்சிருக்கேன்."

அவள் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறங்கி வந்தாள். கடைசிக் கட்டத்துக்கு வர வெகுநேரம் ஆனது. "எனக்கு ஒரு வலியும் இல்லையே" என்றாள், சின்னக் குரலில்.

"அண்ணனுக்கும் இல்ல."

அவள் நூலை வாயால் கடித்து அறுத்தாள். காலரை மடித்து வைத்தாள். "அந்தச் சிஸ்டர் எத்தனை மணிக்குப் போவாங்க?"

நிலையத்தில் சிஸ்டர் அவளை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசக் கூடாது என்றாள். ஐந்து நிமிடமும் அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை அவள் கைக்குக் கச்சிதமாக இருந்தது, ஓரத்து எழுத்தை அவர் இரண்டு தடவை படித்துவிட்டார். காற்று ஏறியது, மெதுவாக இறங்கியது. தராசுக்காரர் புதுப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் போட்டு, மேலே மனைவியின் பெயரை எழுதினார்.

"நூத்தி அம்பத்தாறு" என்றாள் சிஸ்டர்.

அவர் நூற்று ஐம்பத்தாறு என்றே எழுதினார்.