மங்குக்கு இடித்த மாவு

பிள்ளை பெற்றபின் முனியம்மாவின் கன்னத்தில் கரும்படையாக மங்கு விழுந்தது. குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைத்து, பச்சரிசி மாவில் குழைத்துப் பூசி வந்தாள். அடையாளமே இல்லாமல் போனது.

அடுத்த ரப்பர் தோட்டத்தில் அப்பா மாயாண்டியோடு இருந்த தங்கை சுசீலாவுக்கும் இரண்டு கன்னத்திலும் மங்கு. வெளியே வந்தால் முகத்தில் துண்டு. ஞாயிற்றுக்கிழமை செங் என்ற ஊரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மஞ்சளும் இலையும் அவளிடம் இருந்தன. பங்கீட்டில் கிடைத்ததோ புழுங்கலரிசி மட்டும்.

பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பச்சரிசியை முனியம்மா இடித்தாள். இருவரும் பால் வெட்டும் மர நிரைகள் இரண்டு தோட்டங்களும் சேரும் எல்லையில் இருந்தன. அங்கே வைத்துக் கொடுத்துவிடலாம் என்று மாவை மடியில் முடிந்துகொண்டாள்.

அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடுபவர்களுக்குப் போய்விடும் என்று, குடியிருப்பைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோகவும் தடை. 'மாவுதானே' என்று நினைத்தாள். காலையில் வேலி வாசலில் சோதனை போட்ட மலாய்ப் போலீஸ்காரி மடியை அவிழ்த்தாள்.

வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன் தமிழில் சொன்னார். "யாருக்கு இந்த மாவு?"

தங்கை பெயரைச் சொன்னால் போலீஸ் அவள் வீட்டுக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"எனக்குத்தாங்கய்யா. மூஞ்சில மங்கு, பூசிக்க."

அதிகாரி அவள் முகத்தையே பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

"நீ பொய் சொல்றேங்கிறாரும்மா," என்றார் சாமிநாதன், தலையைக் குனிந்துகொண்டு.

லாரியில் ஏற்றி மலாக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பால்குடி மறக்காத பிள்ளை வீட்டில் அழுதது. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க, லாக்கப்பில் சுவரோடு ஒண்டிக் கிடந்தாள். அப்போதும் சுசீலாவின் பெயரை அவள் சொல்லவில்லை.

மாவோடு பிடிபட்ட சேதி கேட்டு, மறுநாள் மாயாண்டி சுசீலாவைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். உள்ளே நல்ல கூட்டம். சுசீலா அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, முகத்துத் துண்டை எடுத்தாள்.

"மாவு எனக்குத்தான் சார். பாருங்க." மஞ்சளையும் வாடிய இலையையும் மேசைமேல் வைத்தாள். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தை மூடவில்லை.

அதிகாரி வெகுநேரம் விசாரித்தார். இன்னொரு தடவை பிடிபட்டால் ஜெயில்தான் என்று சொல்லி, சாயங்காலம் முனியம்மாவை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. போலீஸ் வரைக்கும் போன பெண் வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் பால்மர எல்லையில் முனியம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதானடி இப்படி ஆச்சு."

"நீ உள்ள இருந்தப்ப அப்பா பச்சத்தண்ணிகூட குடிக்கலக்கா. மாப்பிள்ளைய வுடுலா," என்றாள் சுசீலா. ஆனால் உடனே அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தூரத்தில் கங்காணி சத்தம் போட்டார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் நிரைக்குப் போனார்கள்.