ஓரத்தில் அழித்த வரி

எங்கள் வெர்மான்ட் காடுகளில் கௌதாரி சுடுகிறவன் இரண்டு விஷயத்தில் உண்மை பேச மாட்டான். பறவை எங்கே தங்குகிறது என்பது ஒன்று. வேட்டைப் புத்தகங்களுக்கு எவ்வளவு செலவழித்தான் என்பது இன்னொன்று. முதல் பொய் மற்ற வேட்டைக்காரர்களுக்கு, இரண்டாவது பெண்டாட்டிக்கு. எனக்குப் பெண்டாட்டி இல்லாததால் ஒரு பொய்யோடு போயிற்று. பால் தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கௌதாரி வேட்டை பற்றிய பழைய புத்தகங்கள் நூற்றுப் பன்னிரண்டு சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். அவற்றைத் தொட வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் முதலில் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

"ஆபரேஷனா, பிரசவமா?" என்று கேட்பான் வெண்டல், ஈரக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

வெண்டல் ஃபைஃபீல்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக என் வேட்டைக் கூட்டாளி. என் புத்தகத்தில் மேப்பிள் பாகைச் சிந்திவிட்டு அதற்குப் பிறகும் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஒரே ஆள் அவன்தான்.

அந்தக் கோடையில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. எண்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து டாக்டர் ஒருவர் தன் கௌதாரி வேட்டைகளை எழுதி, நண்பர்களுக்காக அறுபது பிரதி மட்டும் அச்சடித்திருந்தார். என் கைக்கு வந்தது டாக்டர் சொந்தமாக வைத்திருந்த பிரதி. ஓரங்களில் பென்சிலால், தன் ஏழு வேட்டையிடங்களைப் பற்றி நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். எந்தக் காற்றில் போக வேண்டும், நாயை எந்தப் பக்கமிருந்து விட வேண்டும், எல்லாம் இருந்தது. ஒரே வாரத்தில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஏழாவது குறிப்பு இது: "ஆப்பிள் தோட்டம். இரண்டாவது ஓடைக்கு வடக்கே. காலையில் தெற்குக் கல்சுவர் ஓரம்." அதன் கீழே இன்னொரு வரி: "பழைய வீட்டு வாசலில் லைலாக் புதர். அதற்கு எட்டடி கிழக்கே கிணறு. மூடிய பலகை உளுத்துவிட்டது. நாயைக் கூடவே வைத்துக்கொள்."

லைலாக்கையும் கிணற்றையும் வைத்துத்தான் நான் இடத்தைக் கண்டுபிடித்தேன். ஆளில்லாமல் காடாகிப்போன பண்ணை. டாக்டர் காலத்துக்குப் பிறகு யாரோ புதிதாகப் போட்ட பலகையும் மறுபடி உளுத்து, இலைச்சருகுக்குக் கீழே கிடந்தது. என் கைத்தடி அதில் சரக்கென்று இறங்கியதும் எட்டி நின்றேன். அதற்கப்பால் உதிர்ந்த ஆப்பிள்களைத் தின்ன வந்த கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக எழுந்தன.

இப்படி ஒரு புத்தகத்தை வெண்டலிடம் காட்டாமல் எப்படி இருப்பது? அவன் வயிற்றெரிச்சலைப் பார்க்காவிட்டால் வாங்கியதே வீண். ஆனால் லைலாக்கும் கிணறும் உள்ள அந்த வரியைப் படித்தால் அரை மணியில் இடத்தைப் பிடித்துவிடுவான். ஆகவே அவன் வருவதற்கு முந்தின நாள், மெல்லிய ரப்பரை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன். டாக்டரின் கையெழுத்தை அழிக்கிறோமே என்றுதான் வருத்தப்பட்டேன். அது கிணற்றைப் பற்றிய எச்சரிக்கை என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு அது விலாசமாக மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் வெண்டல் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த குறிப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுப் போனான்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வெண்டலின் மனைவி வெர்னா என் கதவைத் தட்டினாள். கோட்டுக்குள் இன்னும் சமையல் ஏப்ரனோடு இருந்தாள்.

"அவரு இன்னும் வரல ஹார்லன். பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்னாரு."

"நெறைய பறவை கெடச்சிருக்கும் வெர்னா. நேரம் போனது தெரிஞ்சிருக்காது."

"வார்டன் கார்லிஸ் கிட்ட சொல்லிட்டேன். வண்டி சதுப்புக் காட்டுப் பாலத்துகிட்ட நிக்குதாம். ஆளுங்க சேத்துல எறங்கித் தேடிட்டிருக்காங்க."

"வண்டி அங்க நின்னா அவன் அங்க இல்லன்னு அர்த்தம்" என்று சிரித்தேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். எவனாவது வண்டியைப் பார்த்து இடத்தை மோப்பம் பிடித்துவிடுவான் என்று, இரண்டு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவோம். "எங்க போறேன்னு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

வெர்னா தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. டாக்டரோட ஆப்பிள் தோட்டத்தக் கண்டுபுடிச்சிட்டாராம். 'ஹார்லன் கிட்ட மூச்சு விடாத, அவன் மூஞ்சி போற போக்க நானே நேர்ல பாக்கணும்'னு சொல்லிட்டுப் போனாரு."

என் மூஞ்சி போன போக்கை அவள்தான் பார்த்தாள். "என்ன ஹார்லன், என்ன ஆச்சு?" என்று என் கையைப் பிடித்தாள். நான் ஒன்றும் இல்லை என்றேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பினேன்.

பாலத்தில் கார்லிஸ் முழங்கால் வரை சேறோடு நின்றான். காட்டையும் வேட்டையையும் கண்காணிக்கிற இளவயசு வார்டன், எதையும் நோட்டில் எழுதுகிறவன்.

"அவரு அந்தப் பண்ணைலதான் இருக்காருன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க சார்?"

"என் புத்தகத்துல அந்த எடத்தப் பத்திப் போட்டிருக்கு. அவன் படிச்சான். கயிறு எடுத்துட்டு வாப்பா, நீளமான கயிறு."

"கயிறு எதுக்கு?"

சொல்லியிருக்கலாம். அவ்வளவு பயத்திலும் என் வாயிலிருந்து பொய்தான் வந்தது. "அங்க மேடும் பள்ளமுமா இருக்கும்" என்றேன். அவன் கயிற்றுக்கும் ஆட்களுக்கும் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மரம் வெட்டுகிறவர்களின் பாதை முடிந்த இடத்திலிருந்து ஓடினேன். ஐம்பத்தெட்டு வயசில் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் மணிச்சத்தம் கேட்டது. வெண்டலின் செட்டர் நாய் டான்ஸியின் கழுத்து மணி. மணி நகர்ந்தால் நாய் தேடுகிறது, நின்றால் பறவையைக் கண்டுவிட்டது, அதுதான் எங்கள் கணக்கு. இந்த மணி நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் நின்றுவிட்டேன். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

லைலாக் புதருக்குப் பக்கத்தில் பலகை உடைந்து கறுப்பாக ஒரு ஓட்டை. நாய் ஓடிவந்து என் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. ஓட்டைக்குள் எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குப்புறப் படுத்து, "வெண்டல்!" என்று கத்தினேன்.

எத்தனை நேரமோ தெரியவில்லை. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "மெதுவாடா. செவிடாக்கிடாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். இருபதடி ஆழம் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர். அதில் அவன் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றிருந்தான்.

"கால் போச்சு. நாய் மொதல்ல பலக மேல ஓடுச்சு, ஒண்ணும் ஆவல. பின்னாடியே நான் போனேன். நான் கொஞ்சம் ஒல்லியா இருந்திருக்கணும்."

"கயிறு வருதுடா. கார்லிஸ் வந்துட்டே இருக்கான். இந்தா, புடி" என்று என் கோட்டைக் கழற்றிப் போட்டேன்.

அவன் அதைப் பிடித்துப் போர்த்திக்கொள்ளவே வெகுநேரம் ஆயிற்று. விரல்கள் மடங்கவில்லை. அதைவிட, அவ்வளவு குளிரிலும் அவன் பல் கிடுகிடுக்காததுதான் எனக்குக் கிலியாக இருந்தது; உடம்புச் சூடு ரொம்ப இறங்கினால்தான் நடுக்கம் நிற்கும்.

"தூக்கமா வருது ஹார்லன்."

"தூங்காத! டேய், தூங்காதடா!"

"அப்ப ஏதாவது பேசு. டாக்டரோட குறிப்பச் சொல்லு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே."

கிணற்று விளிம்பில் படுத்தபடி சொன்னேன். முதலாவது, மரஆலைக்குப் பின்னால் உள்ள ஆல்டர் புதர்கள், மழைக்கு மறுநாள் போ. இரண்டாவது, கல்லறைச் சரிவு, மேற்குக் காற்றில் போகாதே. மூன்றாவதற்கு "ம்" கொட்டினான். நான்காவதற்குச் சத்தம் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், பிறகு "ம்" வந்தது. ஐந்து. ஆறு. இருட்டத் தொடங்கியிருந்தது, கார்லிஸைக் காணவில்லை. ஏழாவது வந்தது. ஆப்பிள் தோட்டம், இரண்டாவது ஓடை, தெற்குக் கல்சுவர். அத்தோடு நிறுத்தினேன்.

"எவ்வளவு பாத்துப் பாத்து எழுதியிருக்காரு மனுசன்" என்றான் வெண்டல், நாக்குக் குழற. "கெணத்த மட்டும் எப்படிடா விட்டாரு?"

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"விடல. எழுதியிருந்தாரு. லைலாக்குக்கு எட்டடி கெழக்கேன்னு அளவோட எழுதியிருந்தாரு. நீ எடத்தக் கண்டுபுடிச்சிடுவேன்னு நான்தான் ரப்பர் வெச்சு அழிச்சேன்."

கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. "வெண்டல்!" என்றேன். இல்லை. "திட்டுடா, கெட்ட வார்த்தையில திட்டு, ஏதாவது சொல்லுடா!" என்று கத்தினேன். தண்ணீர் அசைகிற சத்தம்கூட இல்லை. செத்துவிட்டான், நான் கொன்றுவிட்டேன் என்று தலையை மண்ணில் முட்டிக்கொண்டேன். அப்போதுதான் பின்னால் சருகு நொறுங்க ஆட்கள் ஓடி வந்தார்கள். கார்லிஸின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, சுருக்குப் போட்டு, நானே உள்ளே இறக்கினேன்.

"கயிறு வந்துடுச்சு வெண்டல்! கையத் தூக்கு, அக்குளுக்கு அடியில மாட்டிக்கோ!"

கயிறு அசையவில்லை.

"மேல யாரு புடிச்சிருக்கா?" என்று கேட்டான். குரல் தெளிவாக இருந்தது.

"நான்தான்டா. கெட்டியா புடிச்சிருக்கேன்."

"கார்லிஸ் கிட்ட குடு" என்றான். "அப்புறம் மாட்டிக்கிறேன்."

கார்லிஸிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். அதன் பிறகுதான் கயிறு இறுகியது.